இரண்டு வைத்தியருக்கு ஓர் ஒற்றன்

மயிலாடியில் அம்மி கொத்திப் பிழைத்த சுயம்புவுக்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது. ஒற்று வேலை. அதற்குக் கூலி, வர்ம வைத்தியர் பொன்னுலிங்கம் ஆசான் வீட்டில் சுக்குக் காப்பி. மிஷன் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் ஞானசிங் வீட்டில் ஆப்பம். கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றாறு, அதாவது இங்கிலீஷ் கணக்குக்கு 1931 வாக்கில் இது ஓகோவென்று நடந்தது.

விஷயம் இதுதான். ஆசான் கை வைத்தால் விலகின எலும்பு சொன்னபடி கேட்கும். ஆனால் அவர் கட்டின புண் சீழ் பிடிக்கும். கம்பவுண்டர் கட்டின புண் பத்தே நாளில் ஆறும். தோள் இறங்கி வந்தவனைக் கண்டால் மட்டும் அவருக்கு வேர்த்துக் கொட்டும். ஒருவரிடம் ஒருவர் கேட்டால் தீர்ந்தது. கேட்பார்களா? தட்சிணை வைக்காதவனுக்கு வித்தையைக் காட்டுவதில்லை என்று ஆசானுக்குச் சத்தியம். வெள்ளைக்கார டாக்டரிடம் படித்தவன் என்று கம்பவுண்டருக்கு வீறாப்பு. ஆகவே இருவருமே ரகசியமாகச் சுயம்புவைப் பிடித்தார்கள்.

சுயம்பு கல்லில் கோடு போடும் காவியைக் கையில் பூசிக்கொண்டு, காயம் என்று ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்காருவார். தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆசான் வீட்டில் முனகுவார். இரண்டு இடத்திலும் பிடிபட்டும் போனார். அதனால் என்ன, தங்கள் ஒற்றனும் அவர்தானே என்று இருவரும் சும்மா இருந்துவிட்டார்கள். கண்டதையெல்லாம் சுயம்பு அப்படியே போய்ச் சொல்வார். பொய் சொன்னதில்லை, பாவம். அதில் எது வைத்தியம், எது வைத்தியமில்லை என்றுதான் அவருக்குத் தெரியாது.

ஒரு சித்திரை மாதக் காலையில் ஆட்டுரல் கல்லை நெம்பும்போது கடப்பாரை வழுக்கிவிட்டது. விழுந்த வேகத்தில் சுயம்புவின் வலது தோள் இறங்கியது, உள்ளங்கையும் கிழிந்தது. சுத்தியல் பிடிக்கிற கை. அது போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

ஆசான் வீடு பக்கத்தில் இருந்தது. ஓடினார். ஆசான் எழுந்திருக்கவே இல்லை.

"கம்பவுண்டர் அனுப்பினாராக்கும். போவே, வேலையிருக்கு."

"ஆசானே, இது நெசம்."

"போன மாசமும் நெசம்னுதானே சொன்னேரு."

அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனார். கம்பவுண்டர் உள்ளங்கையைப் பார்த்துச் சிரித்தார். "இன்னைக்குக் காவி கொஞ்சம் கூடிப்போச்சு, கேட்டேரா" என்று ஈரப் பஞ்சால் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. சிரிப்பு நின்றது. காயத்தை இறுக்கிக் கட்டி, பெட்டியையும் சுயம்புவையும் இழுத்துக்கொண்டு, முதல் முறையாக ஆசான் வீட்டு வாசலை மிதித்தார்.

"ஆசானே, தோளு இறங்கிருக்கு. எனக்கு இது வராது. நீங்கதான் பாக்கணும்."

ஆசான் தோளைத் தொட்டுப் பார்த்தார். முகம் கறுத்தது. "தப்பு எனக்க பேருல" என்று முனகி, கட்டுத் துணியைக் கொதிக்கப் போட்டார். போட்டவர், கிறிஸ்தவக் கீர்த்தனை ஒன்றை ராகம் தப்பிப் பாடத் தொடங்கினார்.

கம்பவுண்டர் திகைத்தார். "நீங்க எதுக்கு இதப் பாடுதிய?"

"உமக்க மந்திரம்லா. மூணு சரணம் பாடினாத்தான் துணிக்குச் சத்து ஏறும்."

"ஆஸ்பத்திரிக் கடிகாரம் ஓடல்ல ஆசானே. கொதிக்க நேரம் தெரியணும்லா, அதுக்குப் பாடுதேன்."

இதற்குள் கம்பவுண்டர் சுயம்புவை வடக்கே பார்த்து உட்கார வைத்திருந்தார். அது எதற்கு என்று ஆசான் கேட்டார்.

"நீங்க வடக்கேதானே உக்கார வைப்பிய. நானும் ஆறு மாசமா வடக்கே வச்சுத்தான் இழுத்துப் பாக்கேன். ஏற மாட்டேங்கு."

"எனக்க வீட்டு வாசல் வடக்கு. வெளிச்சத்துக்கு வைக்கேன்வே."

இருவரும் சேர்ந்து சுயம்புவைப் பார்த்தார்கள். தோள் வலியே தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

வைத்தியத்தின்போது வழக்கமாக எல்லோரையும் வெளியே அனுப்பும் ஆசான், அன்று கம்பவுண்டரை அனுப்பவில்லை. "கிட்ட வாரும். கைய இங்க வையும்" என்று கம்பவுண்டரின் விரல்களைத் தன் விரல்களுக்கடியில் வைத்துக்கொண்டார்.

"தட்சிணை?" என்றார் கம்பவுண்டர்.

"அந்தப் பாட்டை ஒழுங்கா சொல்லித் தாரும்."

தோள் உள்ளே ஏறிற்று. அதன்பின் தினமும் ஆசான் எண்ணெய் தேய்க்க, கம்பவுண்டர் பார்ப்பார். கம்பவுண்டர் காயம் கழுவ, ஆசான் பார்ப்பார். சந்தேகத்தை நேருக்கு நேரே கேட்டுக்கொண்டார்கள். ஒற்று வேலை போயிற்று, கூடவே ஆப்பமும்.

நாற்பத்தோராம் நாள் சுயம்பு கல்லின் முன் உட்கார்ந்தார். வைத்தியர்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். சுத்தியலை ஓங்கினார். கை ஏறியது. உளி பட்ட இடத்தில் கல் தெறித்தது. சுயம்பு பொலபொலவென்று அழுதுவிட்டார்.

"நோவுதா?" என்றார் ஆசான்.

"இல்ல ஆசானே, சந்தோசம்."

கம்பவுண்டர் பெட்டியைத் திறந்து, பஞ்செடுத்து அவர் கன்னத்தைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நெசந்தான் ஆசானே" என்றார்.