பட்டியலில் எட்டாவது பெயர்

நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதற்கு இது எவ்வளவோ கௌரவம். மில்லின் ஆவணங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு டேட்டாபேஸ் உருவாக்கினேன். அன்றைக்கே, அதன் தலைமைக் கணக்குக்கு நானே வைத்த பாஸ்வேர்டை மறந்துபோனேன். எவனாலும் கண்டுபிடிக்க முடியக் கூடாது என்று யோசித்து யோசித்து வைத்தது. என்னாலும் முடியவில்லை. மறுநாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். பரிசோதனைக்காக ஒருமுறை செய்து பார்த்ததாக மேனேஜரிடம் சொன்னேன். அவர் என் பொறுப்புணர்ச்சியைப் பாராட்டினார்.

தொண்ணூறுகளின் பின்பாதி. அவிநாசி சாலையில் ஒரு நூற்பாலை. ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸ் சான்றிதழோடு உள்ளே நுழைந்தவன் நான். நான்கு கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைத்து, மெஷின் பராமரிப்பு அறிக்கைகள், தரச் சான்றுகள், கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்தேன். ஆளுக்கொரு யூசர் கணக்கு, நானே வைத்துக்கொடுத்த ஆளுக்கொரு பாஸ்வேர்டு. ஓர் அறிக்கையைக் கடைசியாக மாற்றியது யார், எந்தத் தேதி, எத்தனை மணி என்பதெல்லாம் அதன் அடியில் தானாகப் பதிவாகிவிடும். இதைக் காட்டி எல்லோரையும் மிரட்டிக்கொண்டு திரிந்தேன். கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்க என்று டீ கொண்டுவருகிறவரிடம்கூடச் சொன்னேன்.

கணக்கு வைத்திருப்பவர்களின் பட்டியலை அச்சடித்து ஆபீஸ் சுவரில் ஒட்டினேன். ஏழாவது பெயர் பராமரிப்புப் பிரிவு கிளார்க்குடையது. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். எட்டாவது, முதலாளியின் மருமகன். மில் முழுக்க அவரை மாப்பிள்ளை என்றே சொல்லும். மெஷின் ஓடுவதும் நிற்பதும் அவர் உத்தரவு. பட்டியலை மேலிருந்து கீழே படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கேட்டார்:

"ஏனுங்க தம்பி, நானும் இங்க சம்பளத்துக்குத்தான் இருக்கறனுங்களா?"

எனக்கு வேர்த்துவிட்டது. முதலாளி வீட்டாரை, கேட்டில் நிற்கும் வாட்ச்மேனே யார் என்று கேட்கமாட்டார். அந்த வீட்டு மாப்பிள்ளையைப் பார்த்து ஒரு பெட்டி, நீ யார், நிரூபி என்று கேட்கலாமா? அவர் பெயரைப் பட்டியலின் தலையில் போட்டாலும் பட்டியலில் இருப்பது இருப்பதுதான். எனவே கணக்கையே நீக்கினேன். அவர் அறிக்கைகளைப் பார்க்க வேண்டுமே? கிளார்க் சாப்பிடப் போகும் நேரத்தில் அந்த சீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று கிளார்க்கின் பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் கொடுத்தேன். கிளார்க்கிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. மரியாதை தெரிந்த பையன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நாலு மாதம் கழித்து, பஞ்சைச் சீவும் கார்டிங் மெஷினில் வேலை செய்த ஓர் அக்காவுக்கு வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. பல் உருளைக்கு மேல் இருக்க வேண்டிய மூடி இல்லை. கையில் துண்டைச் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் கிளார்க்கும் ஒருவர். மறுநாள் முழுக்க அவர் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார்.

தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். மூடி உடைந்திருக்கிறது, மெஷினை நிறுத்த வேண்டும் என்று விபத்துக்கு ஒரு வாரம் முன்பே அறிக்கை ஏற்றியதாகக் கிளார்க் சொன்னார். கம்ப்யூட்டரைத் திறந்தால், மூடி நல்ல நிலையில் உள்ளது என்று இருந்தது. ஆனால் கிளார்க் அறிக்கை எழுதிய அன்றே ஒரு பிரதி எடுத்து ஃபிட்டர் அறையில் ஒட்டியிருந்தார். அதில் உடைந்துள்ளது என்றுதான் இருந்தது. ஆக, யாரோ மாற்றியிருக்கிறார்கள். யார் என்று பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

அறையில் ஆய்வாளர், மேனேஜர், மாப்பிள்ளை, சுவரோரம் கிளார்க். நான் பார்த்தேன். விபத்துக்கு மறுநாள், மதியம் ஒன்றே கால். கிளார்க்கின் கணக்கு. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நேரம். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயம் எனக்கு உடனே விளங்கியது அன்றுதான்.

பதிவில் இருந்ததைப் படித்தேன். தான் அன்று மில்லிலேயே இல்லை என்றார் கிளார்க். நடுவில் வந்துவிட்டுப் போயிருக்கலாம் என்றார் மேனேஜர். புகாரை மேலே அனுப்ப மறந்து, விபத்து நடந்ததும் பயந்துபோய் மாற்றியிருக்கிறார். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று நம்ம தம்பியே சொல்லுவாரே என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இவரு பாஸ்வேர்டு வேற ஆருக்காச்சும் தெரியுமுங்களா?"

கிளார்க் என்னைப் பார்த்தார். சந்தேகத்தோடு அல்ல, என் பதிலை நம்பி.

"தெரியாதுங்க" என்றேன்.

மாப்பிள்ளை எனக்கு ஒரு காபி சொன்னார். குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது என்பதுவரை நினைவிருக்கிறது.

அந்த வாரமே கிளார்க்கை வேலையிலிருந்து நீக்கினார்கள். யூசர் கணக்கை நீக்குவது என் வேலை. உறுதியாக நீக்கவா என்று திரை கேட்டது. அந்த மில்லில் அப்படி ஒரு வார்த்தை கேட்டது அது ஒன்றுதான். ஆம் என்று அழுத்தினேன்.

அவர் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போயிருப்பதாக டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து அவிநாசியில், தேர்வீதிக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவரைப் பார்த்தேன். மனுக்கள் டைப் அடித்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டார். மில்லில் எல்லோரும் சுகமா என்று கேட்டார். அந்த அக்காவைப் பற்றித் தனியாகக் கேட்டார். வீட்டில்தான் இருக்கிறார் என்றேன்.

அன்று அந்தக் கடையில் அவர் என்னிடம் கேட்டதை நான் செய்யவில்லை. அவர் அந்த மில்லுக்குத் திரும்பவும் இல்லை. இத்தனை வருடம் கழித்து இதை எழுதுவதால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது.

கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியல், துண்டுச் சீட்டு, ஒன்றே கால் மணி, காபி. நடுநடுவே என் புத்தியை நானே கேலி செய்துகொண்டேன். அவர் கொஞ்சம் சிரித்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாகும் என்று எண்ணம். அவர் சிரிக்கவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள் அண்ணா, என்ன வேண்டுமானாலும் செய்கிறேன் என்றேன்.

டைப்ரைட்டரில் இருந்த தாளை உருவிவிட்டு, புதுத் தாள் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார்.

"எழுதிக் குடுங்க."