அத்தான் போட்ட பிரேக்

என் அக்காவுக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே தெரியும். பயம் வந்தால் மட்டும் அவளுக்கே தெரியாது.

அவளுக்கு வேலை, ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பது. காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் ஒவ்வொருவராக அவள் முன்னால் உட்கார்ந்து கையை நீட்ட வேண்டும். வாட்டசாட்டமான ஆட்கள்கூட ஊசியைப் பார்த்ததும் முஷ்டியை இறுக்கிக்கொண்டு, சுவரில் ஏதோ படிப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அக்கா ஒரு அதட்டல் போடுவாள். “கையை லூசா விடுங்க சார். பயந்தா நரம்பு உள்ள போய் ஒளிஞ்சுக்கும்.” அடுத்த நிமிடம் அந்தப் பெரிய மனிதர் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவார். ஊரார் பயத்தையெல்லாம் இப்படித் தெளியவைக்கிறவள், வீட்டில் ஒரு மரப்பெட்டியைக் கண்டு ஓடி ஒளிந்த கதைதான் இது.

அந்த மரப்பெட்டி அவளுடைய ஆர்மோனியம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசை ஆசையாக வாங்கியது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் கூடத்தில் பாயை விரித்து அதன் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுவாள். இடது கை பின்பக்கத் துருத்தியை அசைத்துக் காற்றை ஊட்டும். வலது கை கட்டைகளின் மேல் ஓடும். மேடை கிடையாது, கச்சேரி கிடையாது, வாசி என்று யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் அவள் வாசிக்கிற நேரத்தில் அந்த வீட்டு டிவி வாய் திறக்கக் கூடாது. என் அத்தான் தண்ணீர் குடிப்பதாக இருந்தாலும் பூனை நடை நடந்துதான் அடுப்படிக்குப் போக வேண்டும். நான் அதே கட்டிடத்தில் மேல்வீட்டில் குடியிருக்கிறேன். ஜன்னல் வழியாக வரும் சத்தத்தை வைத்தே, அன்றைக்கு லேபில் சண்டை நடந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவேன்.

அத்தான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அந்தக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர்கள் தலைகால் புரியாமல் வேகத்தை அழுத்தினால், இவர் தன் பிரேக்கை மிதித்து எல்லார் உயிரையும் காப்பாற்றுவார். பிழைப்பே அதுவாகிவிட்டதால் மனிதர் பஸ்ஸில் போனாலும் காலை அழுத்துவார். டிவியில் ஒரு கார் இன்னொரு காரைத் துரத்தினால் சோபாவில் இருந்தபடியே தரையை மிதிப்பார்.

அப்பேர்ப்பட்ட முன்ஜாக்கிரதைக்காரர் கோட்டைவிட்ட இடம் ஒரு ஸ்டூல். அக்கா அதில் ஏறி ஜன்னலுக்குத் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தாள். “ஏங்க, கெட்டியாப் பிடிச்சுக்கோங்க” என்று சொல்லியும் இருந்தாள். போன் அடித்தது. அத்தான் ஸ்டூலை விட்டுவிட்டுப் போனார். ராங் நம்பர். திரும்பி வருவதற்குள் அக்கா தரையில் கிடந்தாள். இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

அத்தான் இடிந்துபோனார். மாவுக்கட்டு இருந்தவரை சோறு பிசைந்து தருவதிலிருந்து தலை வாரிவிடுவதுவரை எல்லாம் அவர்தான். அக்கா அப்போது வெளியே தலைகாட்டாமல் இருந்ததற்கு உடைந்த கை மட்டும் காரணமில்லை, அவர் போட்டுவிட்ட பின்னலும் காரணம்.

கட்டுப் பிரித்தாயிற்று. எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது, இனி வேலை கொடுத்தால்தான் கை பழையபடி ஆகும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அக்காவும் கைக்கு வேலை கொடுத்தாள். லேபுக்குப் போனாள். காய்கறிப் பை தூக்கினாள். ஈரப் போர்வையை முறுக்கிப் பிழிந்தாள். அத்தான் திறக்க முடியாமல் திணறிய பாட்டிலைப் பிடுங்கி ஒரே திருகில் திறந்து கொடுத்தாள். ஆர்மோனியம் என்றால் மட்டும் அந்தக் கைக்கு நோவு வந்துவிடும். “மேகமா இருக்குடி, எலும்பைக் குடையுது.” மறுநாள் வெயில் அடித்தால், “இன்னைக்கு ஒரே அலைச்சல், நாளைக்குப் பார்ப்போம்.”

அத்தான் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தார். ஆர்மோனியத்துக்குப் புது உறை வாங்கி வந்தார். “உறை நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டு அக்கா அதன்மேல் இஸ்திரி போட்ட துணியை அடுக்கினாள். பிறகு பழைய பேப்பர் வந்து சேர்ந்தது. பிறகு குடை. கொஞ்ச நாளில் ஆர்மோனியத்துக்கு மேஜையாகவே உத்தியோக உயர்வு கிடைத்துவிட்டது.

எனக்குப் பொறுமை கிடையாது. ஒருநாள் அவள் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது நேராகவே கேட்டுவிட்டேன்.

“கை வலின்னு யார்கிட்ட கதை விடற? உனக்கு என்னதான் ஆச்சு?”

பதிலுக்கு ஒரு பாட்டம் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

“கட்டுப் போட்டிருந்தப்ப மனசு அதைத் தேடும்னு நினைச்சேன். தேடவே இல்லடி. சாயங்காலமானா டிவி பார்த்தேன், தூங்கினேன், நல்லாத்தான் இருந்துச்சு. அது இல்லாமலே என்னால இருக்க முடியுது. அப்படின்னா இத்தனை வருஷமா நான் என்னத்த வாசிச்சேன்?”

வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டது அவள் இல்லை, நான்.

அந்த வாரமே ஆர்மோனியத்தைக் கொடுத்துவிடப் போவதாக அறிவித்தாள். லேப் வாசலில் டோக்கன் கொடுக்கும் பெண்ணின் மகளுக்குப் பாட்டில் ஆசையாம். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போகச் சொல்லிவிட்டாளாம். கேட்டதும் அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. தான் கையை எடுத்த ஸ்டூல் இங்கே கொண்டுவந்து நிறுத்துகிறதே என்று அவருக்கு உறுத்தல். எதிர்த்துப் பேசவும் தைரியம் இல்லை. சனிக்கிழமை மத்தியானம் துணியையும் குடையையும் இறக்கி வைத்து, பெட்டியைத் துடைத்துக்கொண்டே மெல்ல ஆரம்பித்தார்.

“கொடுக்கறது சரிம்மா. எல்லாக் கட்டையும் பேசுதான்னு பார்க்க வேண்டாமா? இத்தனை மாசம் சும்மா கிடந்திருக்கு. ரிப்பேர் வண்டியைக் கொண்டுபோய் ஒருத்தர் தலையில கட்டினா நல்லாவா இருக்கும்?”

நியாயமான பேச்சு. அக்காவால் மறுக்க முடியவில்லை. “துருத்தியை என்னால அசைக்க முடியாது” என்றாள்.

“நான் அசைக்கறேன். நீ கட்டையை மட்டும் அழுத்து.”

இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் அத்தான், நடுவில் ஆர்மோனியம். நான் சோபாவில் கால் நீட்டி வேடிக்கை பார்க்க உட்கார்ந்தேன். அத்தான் துருத்தியைப் பிடித்த பிடி, சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கிற பிடி. முதல் கட்டையை அழுத்தியதுமே பெட்டி அலறியது.

“மெதுவாங்க! கிழிஞ்சுடப் போகுது!”

மெதுவாக என்றதும் காற்றே வரவில்லை. பெட்டி ஏங்கி ஏங்கி முனகியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு காற்றைக் கண்டுபிடிப்பதற்குள், கல்யாணம் ஆனதிலிருந்து பாக்கி இருந்த சண்டைகளில் பாதியை இருவரும் போட்டு முடித்துவிட்டார்கள். அப்புறம் வேலை நடந்தது. கட்டைகள் எல்லாம் பேசின, ஒன்று மட்டும் கரகரத்தது. தூசியாக இருக்கும், கொஞ்சம் ஓட்டி வாசித்தால் போய்விடும் என்று அக்காவே சொன்னாள். சொல்லிவிட்டு, அந்தக் கட்டையை அடிக்கடி தொட்டுப் போகிற ஒரு பாட்டை எடுத்தாள்.

வலது கைக்கு ஒன்றும் மறக்கவில்லை. பாட்டு முதலில் சாதுவாகப் போனது. பிறகு அது ஓடத் தொடங்குகிற இடம் வந்தது. விரல்கள் கிடுகிடுவென்று மேலே ஏறின. அந்த நேரம் பார்த்துக் காற்று நின்றது. பாட்டு பாதிப் படியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டது.

“ஏன் நிறுத்தினீங்க?”

“நான் எங்க நிறுத்தினேன்? நீதான் வேகமாப் போன.”

மறுபடி வாசித்தாள். அதே இடத்தில் மறுபடியும் காற்று நின்றது. எனக்குச் சந்தேகம் வந்து எட்டிப் பார்த்தேன். சப்பணமிட்டிருந்த அத்தான் எப்போது காலை நீட்டினாரோ, வலது பாதம் தரையை ஓங்கி அழுத்திக்கொண்டிருந்தது. மனிதர் பிரேக் போடுகிறார்!

“அத்தான், இது காரு இல்ல!”

“தெரியும்மா. இவ வேகமெடுத்தா எனக்குக் கை தானா நின்னுடுது.”

“இன்னொரு தடவை நிறுத்திப் பாருங்க, அப்புறம் இருக்கு” என்றாள் அக்கா. முகம் சிவந்துவிட்டது. பாட்டை முதலிலிருந்து எடுத்தாள். ஓடுகிற இடம் வந்தது. விரல்கள் ஏறின. காற்று தளர்ந்தது.

“தள்ளுங்க!”

அத்தானின் கையைப் பட்டென்று தட்டிவிட்டு, தன் இடது கையால் துருத்தியைப் பிடித்து அசைத்தாள். பாட்டு விழாமல் மேலே போயிற்று.

வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று நான் பேசாமல் இருந்தது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான். அத்தான் அடிபட்ட கையை மடக்கக்கூட மறந்து அந்தரத்தில் வைத்திருந்தார். அக்கா எங்களைக் கவனிக்கவில்லை. அவளுக்கு இருந்த கோபத்தில் பாட்டை முழுக்க வாசித்தாள்.

வாசிப்பு படுமோசம். உண்மையைச் சொல்ல எனக்கென்ன? இடது கை சோர்ந்து சோர்ந்து போனது. காற்று விட்டுவிட்டு வந்தது. மூட்டையோடு மாடி ஏறியவர் மாதிரி பாட்டு மூச்சு வாங்கியது. முடிக்கும்போது மணிக்கட்டு நடுங்குவது சோபாவரைக்கும் தெரிந்தது. வாசித்து முடித்துக் குனிந்து பார்த்தபோதுதான், துருத்தியின்மேல் இருப்பது எந்தக் கை என்று அவளுக்கு உறைத்தது.

“கேவலமா இருக்கு” என்றாள்.

நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள்.

“இந்தப் பாட்டை நான் எப்படி வாசிப்பேன்! இப்ப எவ்வளவு கேவலமா இருக்கு பாருங்க!”

சொல்லச் சொல்ல அவளுக்குக் கண் நிறைந்து பொலபொலவென்று கொட்டியது. கட்டைகளின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். பெட்டிக்குள் மிச்சமிருந்த காற்றில் நாலைந்து சுரங்கள் ஒன்றாகச் சேர்ந்து அவளோடு முனகின. அது இல்லாமலே இருக்க முடிகிறது என்றவள், அதை மோசமாக வாசித்ததற்கு இப்படி அழுதாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒருத்தி விம்மி விம்மி அழ, அவள் புருஷனும் தங்கையும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வீடு வேறெங்கும் இருக்காது.

அவள் முகம் கழுவப் போனபோது அத்தானிடம் ரகசியமாகக் கேட்டேன். “வேணும்னுதானே நிறுத்தினீங்க? அவளுக்குக் கோபம் வரணும்னு?”

“சேச்சே, எனக்கு அவ்வளவு புத்தி ஏதும்மா? நிஜமாவே பயந்துட்டேன். அவ வேகமா மேல ஏறினா, எங்க விழுந்துடுவாளோன்னு இருக்கு.”

பெரிய தந்திரக்காரர் என்று ஒரு கணம் அவருக்கு நான் கொடுத்த மரியாதை வீணாகிவிட்டது. ஆனாலும் அந்த மனிதரை எனக்கு அன்றைக்குப் பிடித்தமாதிரி என்றைக்கும் பிடித்ததில்லை.

அக்கா ஈர முகத்தோடு வந்து அந்த டோக்கன் பெண்ணுக்குப் போன் போட்டாள்.

“நாளைக்கு வராதீங்க. ஆர்மோனியத்தைக் கொடுக்கறதா இல்ல. பாப்பாகிட்ட ஆன்ட்டி மன்னிச்சுக்கச் சொன்னாங்கன்னு சொல்லுங்க.”

கை சரியாகிவிட்டதா, நன்றாக வாசிக்க வருகிறதா என்று அந்தப் பெண் கேட்டிருக்க வேண்டும். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“எங்க வருது? ரொம்ப மோசமா வாசிக்கறேன். அதனாலதான் கொடுக்க முடியல.”