மருந்து வைத்தவன்

நான் வேலை பார்க்கும் பண்ணையில் மாடு அசை போடுவதைக்கூடக் கழுத்துப் பட்டை கவனித்துக்கொண்டிருக்கிறது. நியூசிலாந்தின் தெற்குக் கோடியில், சவுத்லாந்து என்கிற குளிர்ப் பிரதேசத்தில் இருக்கிறது அந்தப் பண்ணை. காலையில் கைபேசியைத் திறந்தால் எந்தப் பசு நேற்று சரியாக அசை போடவில்லை, எது பருவத்துக்கு வந்திருக்கிறது என்று அது சொல்லிவிடும். நான் தேநீர் குடித்து முடிப்பதற்குள் சில நூறு பசுக்களின் அந்தரங்கம் எனக்குத் தெரிந்துவிடும். வந்த புதிதில் கூச்சமாகத்தான் இருந்தது. சினை ஊசி போடும் பருவத்துக்கு முன்னால் காளைகளின் விவரப் புத்தகம் ஒன்று வேறு வரும். வழவழப்பான தாளில் ஒவ்வொரு காளைக்கும் ஒரு படம், அதன் தாய் கறந்த பால், மகள்களின் மடி, குணம். நம் ஊர்க் கல்யாணத் தரகர்கள் கெட்டார்கள். நெருங்கிய உறவுக்குள் ஊசி விழுந்துவிடாமல் கணினி குறுக்கே நின்று தடுக்கும். மாமன் மகளைக் கட்டுவதை உரிமையாக நினைக்கிற ஊரிலிருந்து போனவன் நான், வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருமுறை படத்தில் லட்சணமாக நின்ற காளையைக் காட்டி, இதை நேரில் பார்க்க முடியுமா என்று பண்ணைக்காரம்மா ஷெரிலிடம் கேட்டேன். அது செத்துப் பல வருஷமாகிறதே என்றார். அன்று காலை நான் கறந்தவற்றில் பல அதன் மகள்கள். இளையவை எல்லாம் அது செத்த பிறகு கருவானவை. செத்தவர் இப்படி வந்துகொண்டே இருப்பது அங்கே யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

அங்கே ஜூன் மாதம் கடுங்குளிர். பால் வற்றவைத்துப் பசுக்களுக்கு ஓய்வு கொடுக்கும் காலம் என்பதால் எங்களுக்கும் அப்போதுதான் விடுப்பு. அப்படி ஒரு ஜூனில் ஊருக்கு வந்தேன். யார் கேட்டாலும் சொந்த ஊர் நெய்வேலி என்றுதான் சொல்வேன், கேட்பவருக்கு அது ஒன்றுதான் புரியும். உண்மையில் நிலக்கரிச் சுரங்கத்து டவுன்ஷிப் பிளாக்குகளில் ஒரு குவார்ட்டர்ஸ் வாசலைக்கூட நாங்கள் மிதித்ததில்லை. எங்கள் ஊர் கம்மாபுரம் பக்கம், சுரங்கத்தின் விளிம்பு மெதுவாக நெருங்கி வந்துகொண்டிருக்கிற ஊர். எங்கள் தெருவில் அம்மாவின் வீடு இருந்த வரிசை சுரங்கத்துக்காக முதலில் கையகப்படுத்தப்பட்டிருந்தது. எதிர் வரிசையில் அக்காவின் வீட்டுக்கு இன்னும் முறை வரவில்லை. அம்மா அதற்கு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டாள். காலி செய்து போனவர்கள் கதவு, ஜன்னல், நிலை எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். அம்மா வீட்டுக் கதவுகளை அக்கா வீட்டுக்காரர், என் மாமா, கழற்றித் தன் கொல்லையில் அடுக்கி வைத்திருந்தார். ஒரு வரிசை முழுக்க வீடுகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. இருட்டினால் எல்லாத் தெருவும் ஒன்றுதான், பகலில்தான் அந்தத் தெருவில் நடக்கப் பயமாக இருந்தது.

போன மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு அக்கா வீட்டில் படுத்திருந்தேன். எதிர் வீட்டுக்குள்ளிருந்து சரக், சரக் என்று ஒரு சத்தம் வந்தது. யாரோ தேங்காய் நார் போட்டு நிதானமாகப் பாத்திரம் தேய்ப்பது போல இருந்தது. அது அம்மாவின் வீடு. அங்கே தேய்க்கப் பாத்திரமும் இல்லை, ஆளும் இல்லை. எழுந்து போனேன். செருப்பு போடவில்லை என்பது தெருவின் சூட்டில்தான் உறைத்தது. ஜன்னல் இருந்த ஓட்டைகள் வழியே வெளிச்சம் விழுந்தும் கூடம் இருட்டாக இருந்தது. அதற்குள் செம்பழுப்பாக ஏதோ அசைந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் எங்கள் செவலைப் பசு. மேற்குச் சுவரில் முகத்தை வைத்து, கன்றை நக்குகிற அதே பொறுமையோடு நக்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. நக்கி நக்கி ஈரமாகியிருந்த இடம், உட்கார்ந்து சாய்ந்திருக்கும் ஓர் ஆளின் தலையும் தோளுமாகத் தெரிந்தது. அம்மா உட்கார்கிற இடம் அது. மத்தியானம் சாப்பிட்டதும் அந்தச் சுவரில் சாய்ந்துதான் வெற்றிலை போடுவாள். அவள் தலை பட்டுப் பட்டு ஏறிய எண்ணெய்க் கறை, எத்தனை முறை வெள்ளையடித்தாலும் மறுபடி கிளம்பி வரும்.

எனக்குப் பின்னால் அக்கா வந்து நின்றிருந்தாள். அவள் முகத்தில் பயம் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் காட்டுகிற மாதிரி மாட்டைக் காட்டினாள்.

"நேரம் தவறாது தம்பி. அம்மா சாஞ்சிகினு இருக்கற நேரத்துக்கு டாண்ணு வந்துடும். நான் கூப்ட்டாலும் வராது."

செவலையைப் பெற்ற பசு ஈன்ற கையோடு செத்துப்போனது. அம்மாதான் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தாள். அம்மா போன பிறகு அக்கா தன் கொட்டகைக்கு ஓட்டி வந்தாள். ஆனால் ஒரு வருஷத்துக்கு மேலாகச் சினை பிடிக்கவில்லை. ஊசி போட்டுப் போட்டுப் பார்த்து மாமாவுக்கு அலுத்துவிட்டது. மைன்ஸில் கான்ட்ராக்டில் டிப்பர் ஓட்டுகிறவர் அவர், ஷிப்டு முடிந்து வந்து மாட்டுக்கு வைக்கோல் தேடி அலைய முடியாது என்பதும் நியாயம்தான். சுற்றுக் கழனிகளில் பயிர் வைப்பது நின்றுபோனதால் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொடியும் இல்லை, வரப்புப் புல்லும் இல்லை. எங்கிருந்தோ வரும் காய்ந்த வைக்கோல்தான் அதற்கு மூன்று வேளையும். வருகிற ஞாயிற்றுக்கிழமை வியாபாரி வருவதாகப் பேச்சு. சினை நிற்காத மாட்டை யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்கா சோறு தண்ணி இறங்காமல் கிடந்தாள். மாடு போகிறதே என்ற வருத்தம் மட்டும் என்றால் எனக்கும் புரிந்திருக்கும். லாரியில் ஏற்றப்படப் போவது அம்மா என்றே அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

நான் பார்த்த வேலை எனக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. தீனியில் உப்பும் பாஸ்பரஸ் போன்ற தாதுக்களும் குறைந்தால் மாடு கண்டதையும் நக்கும், மண் தின்னும், எலும்பைக்கூடக் கடிக்கும். அப்படிக் குறைந்த மாடு ஒழுங்காகப் பருவத்துக்கும் வராது. கொடியில் காய்ந்த மாமாவின் வேர்வைச் சட்டையைச் செவலை மென்று துப்பியிருந்ததை அன்று சாயங்காலமே பார்த்தேன். சந்தேகம் தீர்ந்தது. அக்காவை உட்காரவைத்துப் பெரிய மனுஷன் தோரணையில் விளக்கினேன்.

"அது உப்புக்குத்தான் நக்குதுக்கா. அம்மாவோட வேர்வ எத்தினி வருஷமா அந்தச் செவுத்துல ஊறிக் கெடக்குது."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதத்தான நானும் சொல்றேன்" என்றாள்.

மாமாவைப் பிடித்தேன். இன்னும் ஒரே ஒரு ஊசி, அதுவும் நிற்காவிட்டால் நானே மாட்டைப் பிடித்துக்கொண்டு போய் வியாபாரியிடம் விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். வியாபாரிக்குப் போன் போட்டு அவர் ஒத்திவைத்தார். ஆனால் உடம்பு தேறி, அடுத்த பருவம் வரும்வரை நான் இருக்க வேண்டும், விடுப்போ முடியப் போகிறது. ஷெரிலைக் கூப்பிட்டேன். நாங்கள் வளர்ந்த இடம் சீக்கிரத்தில் சுரங்கமாகிவிடும், கொஞ்ச நாள் கூட இருந்து வீட்டு வேலைகளைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல நினைத்தேன். என் வாயில் வந்த ஆங்கிலம், "சூன் இட் வில் பி ஆல் மைன்" என்பது. நம் பக்கம் மைன் என்றால் சுரங்கம், பிறந்த குழந்தைக்கும் தெரியும். அவருக்கு அது "எல்லாம் என்னுடையதாகப் போகிறது" என்று கேட்டிருக்கிறது. "குட் ஆன் யூ" என்று மனம் நிறைய வாழ்த்தி, சொத்து விவகாரம் என்றால் அவசரப்படாதே, நிதானமாக முடித்துக்கொண்டு வா என்று விடுப்பை நீட்டித்தார். நான் திருத்தவில்லை. போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். திறந்து கிடந்த வீடுகளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது.

சேத்தியாத்தோப்பு போய்த் தாது உப்புத் தூளும் நக்குவதற்கு உப்புக் கட்டியும் வாங்கி வந்தேன். முதலில் குடற்புழுவுக்கு மருந்து. பிறகு தவிட்டிலும் புண்ணாக்கிலும் தூளைக் கலந்து, குளிர்ந்த தண்ணீர் எந்நேரமும் தொட்டியில் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். கொட்டகைக்கு மேல் தென்னங்கீற்று போட்டு வெயிலை மறைத்தேன். செவலையின் தோல் மினுங்க ஆரம்பித்தது, விலா எலும்பு மறைந்தது. பருவத்துக்கு வந்து கத்தியதும், வெயில் தாழ்ந்த பிறகு வரும்படி ஊசி போடுகிறவரை அழைத்தேன். எந்தக் காளையின் ஊசி என்று நான் விசாரித்ததில் அவருக்குச் சிரிப்பு. இதுவரை யாரும் அப்பன் பேரைக் கேட்டதில்லையாம். முழு ஜெர்சி வேண்டாம், பாதி நாட்டு இரத்தம் உள்ளதாகப் போடுங்கள் என்றேன்.

"பாதிக்குப் பாதி இருந்தாதான் சார் இந்த வெயிலுக்கு நிக்கும்" என்றார்.

இதற்கிடையில் செவலை எதிர் வீட்டுக்குப் போவது குறைந்து, ஒரு கட்டத்தில் அடியோடு நின்றுவிட்டது. உச்சி வெயிலில் கட்டை அவிழ்த்துவிட்டாலும் கொட்டகையிலேயே நின்று உப்புக் கட்டியை நக்கிக்கொண்டிருந்தது. என் கணக்கு சரியாகிவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன். ஒரு மத்தியானம் அக்காவைக் காணோம் என்று தேடிப் போனால், அவள் எதிர் வீட்டுக் கூடத்தில் தனியாக நின்றிருந்தாள். ஈரம் காய்ந்த சுவரில் உப்புப் பூத்திருந்தது. மாட்டின் நாக்கு பட்ட இடம் மட்டும் வெளேரென்று, தலையும் தோளுமாக, அந்த இருட்டில் எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. சுவரில் ஈரம் ஊறிக் காய்ந்தால் உப்புப் பூக்கும், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கால் அதற்கு மேல் உள்ளே போகவில்லை. அக்கா விரலால் அதைத் தொட்டாள், தூளாக உதிர்ந்தது.

"மருந்து வெச்சிட்டியே தம்பி" என்றாள். "மாட்டுக்கு மருந்து வெச்சு அம்மாவ மறக்கடிச்சிட்டியே."

சோற்றில் மருந்து வைத்து ஆளின் மனதை மாற்றிவிடுவதைப் பற்றி எங்கள் பக்கம் கதை கதையாகச் சொல்வார்கள். மாமியார் மருமகள்மேல் சொல்வாள், பங்காளி பங்காளிமேல் சொல்வான். என்மேல் என் அக்காவே சொன்னாள். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அழுதுகொண்டு சொன்னாள். மாட்டைக் காப்பாற்றிக் கொடுத்தவன் என்ற நினைப்போடு இருந்தவனுக்குத் தலையில் குட்டு வைத்தது போலாயிற்று. விமானம் ஏறும்வரை சோறு போட்டாள், துணி மடித்துக் கொடுத்தாள், முகம் கொடுத்துப் பேசவில்லை.

சினை நின்றுவிட்டது என்று மாமாதான் போனில் சொன்னார். வியாபாரிக்கு இனி வேலை இல்லை என்றும் சொன்னார். மழைக்காலம் முடிந்ததும் அவர்கள் வரிசைக்கும் முறை வந்தது. சேத்தியாத்தோப்புப் பக்கம் மனை வாங்கி, செவலையை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்மாவின் வீட்டை இடித்ததை அக்கா போய்ப் பார்க்கவில்லையாம். நானும் எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. அவள் என்னிடம் பேசுவதே மாட்டுக்கு இன்னும் என்ன கலக்க வேண்டும் என்று கேட்பதற்காக மட்டும் என்றாகிவிட்டது. நான் சொல்வதை எல்லாம் ஒன்று விடாமல் செய்தாள்.

கன்று பிறந்த மறுவாரம் அவளே வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே உச்சி வெயில், இங்கே இருட்டத் தொடங்கியிருந்தது, நான் சமையலறை மேசையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கிடாரிக் கன்று. செம்பழுப்பு உடம்பில் நாட்டு மாட்டின் காது. அடிவயிற்றிலிருந்து வந்த சந்தோஷத்தில் நான் என்னவோ உளறினேன். என் குரலைக் கேட்டுக் கன்று தலையைத் திருப்பியது. தள்ளாடி வந்தது. அக்கா போனை நீட்டிப் பிடித்தாள், திரை முழுக்கக் கருத்த மூக்கு வந்தது, பிறகு நாக்கு. என் முகம் இருந்த இடத்தை அது நக்க ஆரம்பித்தது. அக்காவின் கைவேர்வை போனில் பட்டிருக்கும், அந்த உப்புக்குத்தான் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. சரக், சரக் என்ற சத்தம் சவுத்லாந்துச் சமையலறைக்குள் நிதானமாக வந்துகொண்டிருந்தது. அங்கே திரையில் என் நெற்றியும் கண்ணும் எச்சிலில் கரைந்துகொண்டிருக்க வேண்டும்.

"அசையாம இரு தம்பி" என்றது அக்காவின் குரல். "அம்மா உன்னத்தான் நக்குறா."

நான் அசையாமல் இருந்தேன். அது நிறுத்திய பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்து, காய்ந்து கிடந்தது.