எலி எதற்குப் பயந்தது

அந்த மூளை ஆய்வகத்தில் அவளைக் கண்டால் யாருக்கும் ஆகாது. இளங்கலை மூன்றாம் ஆண்டைத் தாண்டாத ஒருத்தி ஆராய்ச்சி என்று வந்து நின்றால் யார்தான் ஆரத்தி எடுப்பார்கள்? வீட்டிலும் அதே கதைதான். "எலி மேய்க்கவாடி உன்னைக் காலேஜுக்கு அனுப்பினேன்?" என்று கேட்காவிட்டால் அப்பாவுக்குப் பொழுது விடியாது. பேராசிரியரோ ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: செமஸ்டர் முடிவில் சீனியர் சரியென்றால் தொடரலாம், இல்லையென்றால் நடையைக் கட்டலாம்.

சீனியருக்கு லேபில் சிடுமூஞ்சி என்று பெயர். முனைவர் பட்டத்துக்காக வருடக்கணக்கில் எலிகளோடு மல்லுக்கட்டுகிறவன். தினமும் அவற்றுக்கு மருந்து ஊசி போடுவதும் அவன்தான். மணியடித்ததும் எலிக்கு ஒரு சின்ன ஷாக் கொடுத்துப் பழக்குவான். பிறகு ஷாக் கிடையாது, மணி மட்டும்தான். அப்போதும் எலி அசையாமல் நின்றால், பயம் மூளையில் தங்கிவிட்டது என்று அர்த்தம். அது மாதக்கணக்கில் தங்குகிறது என்பதுதான் அவன் கண்டுபிடிப்பு. வீடியோவைப் பார்த்து, எலி எவ்வளவு நேரம் அசையாமல் நின்றது என்று குறிப்பது அவள் வேலை.

"மணியிலேர்ந்து பாத்தா போதும். முன்னாடி ஒண்ணும் இருக்காது," என்று சொல்லியிருந்தான். எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள். இவளுக்குத்தான் எதையும் முதலிலிருந்து பார்க்காவிட்டால் தலை வெடித்துவிடுமே! பார்த்தாள். கதவு திறக்கிற சத்தம். சிடுமூஞ்சி உள்ளே வருகிறான். எலி அப்போதே நின்றுவிடுகிறது. மணி அதற்குப் பிறகுதான் அடிக்கிறது. அடுத்த எலியும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி.

சொன்னால் இடம் போகும். சொல்லாமல் இருந்தால் பொய்யை எழுதிக்கொடுத்து வாங்கிய இடமாகும். கடைசியில் அவனிடமே போய் நின்றாள்.

"தினம் ஊசி போடறது நீங்கதானே? அதுங்க மணிக்குப் பயப்படல. உங்களுக்குத்தான் பயப்படுது."

"நேத்து மழைக்கு இன்னைக்கு முளைச்ச காளான், நீ எனக்குச் சொல்றியா?"

"அப்ப வெளியில நில்லுங்க. நான் உள்ள போய் மணி அடிக்கிறேன்."

அடித்தாள். எலி அது பாட்டுக்குத் தீனியைக் கொறித்துக்கொண்டிருந்தது. வேறு எலிகளை வைத்துப் பார்த்தாள். அவையும் சட்டை செய்யவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றவன் முகத்தில் ஈயாடவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். கொறிக்கிற சத்தம் சட்டென்று நின்றுபோனது.

அவன் நேரே பேராசிரியர் அறைக்குப் போனான். தன் சீட்டைக் கிழிக்கத்தான் போகிறான் என்று அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். திரும்பி வந்தவனுக்குக் கண் சிவந்திருந்தது.

"தப்பு நடந்துடுச்சுன்னு சொல்லிட்டேன். உன்னையும் வச்சுக்கச் சொல்லிட்டேன். பாசத்துல இல்ல. நீ வேற லேபுக்குப் போய் இதைச் சொல்லிச் சிரிச்சா எனக்குத்தான் கேவலம். இனிமே எங்கிட்ட பேச்சு வச்சுக்காத."

ஏங்கிக் கிடந்தது கிடைத்துவிட்டது. சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவனைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் மனம் வரவில்லை.

"பேசல. கடைசியா ஒண்ணு மட்டும். நாளையிலேர்ந்து நீங்க எலி ரூமுக்குள்ள வரக் கூடாது."

"அது என் எலி."

"அதனாலதான்," என்றாள்.

அவன் அவளை முறைத்துக்கொண்டே எலி ரூம் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.