இடக்கையால் கொடுத்த வளமை

"படத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறதும் ஒரு வேலையோ பிள்ளை? எத்தினை நாளைக்கு வைச்சிருப்பாங்கள்?" என்று வெம்பிளியில் இருக்கும் மாமா கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் படிப்பை முழுதாக முடித்தவள் நான்தான். அம்மாவையும் அப்பாவையும் ஊரில் நடந்த போர் பாதி வகுப்பில் எழுப்பிவிட்டது. அப்போது நான் லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தின் அச்சோவியப் பிரிவில் பயிலுநர். ஒரு படத்தின் விவரங்களை ஆராய்ந்து தனியே எழுதும் முதல் கேட்டலாக் பதிவைப் பார்த்துத்தான் வேலையை நிரந்தரமாக்குவார்கள்.

எனக்கு வந்தது, செப்புத்தகட்டில் வெட்டி அச்சிட்ட சில நூற்றாண்டுப் பழைய படம். வளமையைப் பெண்ணாக வரைந்திருந்தார்கள். ஒரு கையில் கதிர்க்கட்டு, மறு கையில் பழங்கள் வழியும் கொம்பு, காலடியில் உடைந்த தலைக்கவசம். போரில் பட்டினி கிடந்தவர்களும் இதை வாங்கிச் சுவரில் ஒட்டியிருப்பார்கள் என்று நினைத்தபடி நெடுநேரம் பார்த்தேன்.

அவள் கொம்பைச் சரித்தது இடக்கையால். எங்கள் வீட்டில் இடக்கையால் எதையும் கொடுப்பதில்லை. அச்சான படத்தைப் பார்த்து அப்படியே தகட்டில் வெட்டினால், அச்சில் இடம் வலமாகிவிடும். மூலத்தில் அவள் வலக்கையால்தான் கொடுத்திருப்பாள், எனவே இது நகல் என்று எழுதிவிட்டேன்.

தாள்களைச் செப்பனிடும் சென்னைக்காரர் கிருத்திகா அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, வெள்ளக்காரங்களுக்கும் உங்க வீட்டுச் சட்டமா?"

"உங்கட வீட்டிலை இல்லையோ அக்கா?"

"இருக்கு. அத நான் கேட்டலாக்ல எழுத மாட்டேன்."

பொறுப்பாளர் ஹெலனும் விடவில்லை. "மூலப்படம் என்று நான் கண்காட்சிக்குத் தேர்ந்தது இது. இல்லையென்றால், படத்திலிருந்தே காட்டு."

கோபத்தோடு லென்ஸை எடுத்தேன். பெண்ணை விட்டுப் பின்னாலிருந்த வயலைப் பார்த்தேன். நகத்தளவு மனிதர்கள் கதிர் அறுத்தார்கள். எல்லோருக்கும் அரிவாள் இடக்கையில். வலக்கையால் உருவ இடது இடுப்பில் தொங்க வேண்டிய வாள், வரப்பில் நின்ற வீரனுக்கு வலது இடுப்பில். ஒருவன் இடக்கைக்காரனாக இருக்கலாம், ஒரு வயலே இருக்காது.

முதலில் எழுதிய காரணத்தை அழித்துவிட்டு அரிவாளையும் வாளையும் எழுதினேன். சந்தேகம் வீட்டிலிருந்து வரலாம். சான்று படத்தில்தான் இருக்க வேண்டும். ஹெலன் இரண்டு முறை வாசித்தார். படத்தைக் கண்காட்சியிலிருந்து எடுத்துவிட்டு, பதிவின் கீழே என் பெயரைப் போடச் சொன்னார். வேலை நிரந்தரமானது.

மாமாவிடம் போனில் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"கீழை என்னவோ எழுதிக்கிடக்கு. அதையும் வாசியன் பிள்ளை."

லத்தீன். பதிவுக்காக அதை வேறொருவர்தான் எனக்கு வாசித்துத் தந்திருந்தார்.

செவ்வாய் மாலைகளில் இப்போது லத்தீன் வகுப்பில் இருக்கிறேன்.