கோட்டை பார்க்கப் போன மகள்

மதியம் ஒன்றே முக்காலுக்குப் பள்ளியிலிருந்து ஃபோன் வந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையைப் பார்க்கப் போன பிள்ளைகளின் பஸ் திரும்ப முடியவில்லை, காவிரித் தகராறில் சாலையை மறித்துவிட்டார்கள் என்றார்கள்.

முந்தின நாள்தான் மகளுக்கு அந்தக் கோட்டையைப் பற்றிய பாடத்தைச் சொல்லிக்கொடுத்தேன். அந்தத் தலைநகரைப் பீரங்கிகள் மட்டும் வீழ்த்தவில்லை, காவல் காத்தவர்களிலேயே ஒருவன் எதிரியோடு பேசி வைத்திருந்தான் என்று படித்தோம். அந்தப் பாடம் என் மனதை விட்டுப் போகவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் கன்னடக்காரர், பத்து வருடப் பழக்கம். காலையில் அவர், "பஸ் எந்த வழியா போகுது?" என்று கேட்டபோதே எனக்குச் சுருக்கென்றது. இப்போது விஷயம் தெரிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். யாரிடம் சொல்லப் போகிறார்? வாசலில் இருந்த தமிழ்ப் பெயர்ப் பலகையைக் கழற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்தேன். கதவைத் தாழிட்டு உட்கார்ந்தேன்.

ஐந்தரைக்கு ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னால் மகள் இருந்தாள்.

"ஏன்ரீ, பயம் போகட்டும்னு தமிழ்லயே கூப்பிட்டேன். உங்க மகள் என்னைத் தெரியாத மாதிரி நிக்கிறா. டீச்சர் சொன்ன அப்புறந்தான் வந்தா. என் தமிழ் அவ்வளோ மோசமா?" என்று சிரித்தார்.

மகள் என்னைப் பார்த்தாள். "நீதானேம்மா சொன்னே, பக்கத்து வீட்டு மாமாவே கூப்பிட்டாலும் போகாதேன்னு."