உடல் கிடைக்காதவனுக்கு ஒரு செபம்

கள்ளிக்குப்பத்தில் எங்கள் கோவிலைச் சேர்ந்த குடும்பங்களில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் போன் ஞானகுமாரிக்குத்தான் போகும். சாமியார் வருவதற்குள் அவள் தலைமாட்டில் நின்று, “நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே” என்று ஆரம்பித்திருப்பாள். “முடிவில்லாத ஒளி இவர்மேல் ஒளிர்வதாக” என்று நாங்கள் முடிப்போம். பரலோகத்துக்கு டிக்கெட் கிழிக்கிறவள் என்று அவளை நான் கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வெறுமனே ஒப்பிக்கிறவள் இல்லை அவள். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் அந்தச் செபத்தின் கதையையே சொல்வாள். அதன் சொற்கள் எஸ்ராவின் பெயரில் உள்ள ஒரு பழைய நூலில் இருக்கின்றன. அந்த நூலுக்கு நம் பைபிளில் இடம் கிடைக்கவில்லை. செபம் மட்டும் பல நூறு வருஷம் லத்தீனில் ஒலித்துவிட்டுத் தமிழுக்கு வந்தது. செத்தவர்களுக்கு எதற்குச் செபம் என்று யாராவது கேட்டால், மக்கபேயர் இரண்டாம் நூல், பன்னிரண்டாம் அதிகாரத்தைத் திறப்பாள். போரில் விழுந்த வீரர்களுக்காக யூதா மக்கபே வேண்டிக்கொண்டார், பலி ஒப்புக்கொடுக்கச் செய்தார், உயிர்த்தெழுதலை நம்பியதால்தான் செய்தார் என்பாள். அந்த நூலே செல்லாது என்று வேறு சபைக்காரர்கள் வம்புக்கு வந்தால் அவர்களையும் ஒரு கை பார்ப்பாள்.

2023 டிசம்பர் மழையில் அவள் மகன் ஜாக்சன் வேலைக்குப் போனான். இருபத்தாறு வயது. அயனம்பாக்கம் ஏரிக்கரையில் அவன் பைக் மட்டும் கிடைத்தது. ஆறு நாள் தேடியும் அவன் கிடைக்கவில்லை. ஞானகுமாரி போட்டோவை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தாள். லேத் பட்டறைக்குப் போகும் அவள் கணவன் அந்தோணிராஜ் பேசுவதையே விட்டுவிட்டான்.

போன வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அவள் வாசிக்க வேண்டிய இறந்தவர்கள் பட்டியலை டைப் செய்து தருவதாக ஏற்றுக்கொண்டு, அதை வாங்க அவள் வீட்டுக்குப் போனேன். தாளின் கடைசியில் அந்தோணிராஜ் தன் கையால் ‘ஜாக்சன்’ என்று எழுதியிருந்தான்.

“இன்னாய்யா இது? எம்புள்ள பேரு இதுல இன்னாத்துக்கு?”

“ரெண்டு வருசம் ஆவப்போவுது ஞானம். செத்து, மோட்சத்துக்குப் போவ முடியாம உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடந்தான்னா? ஊருக்கெல்லாம் வேண்டிகினு கீற. அவனுக்கு ஒரு வார்த்த சொல்ல ஆளில்ல.”

“மக்கபேயர்ல இன்னா போட்டுகீது? மொதல்ல பாடிய எடுக்கத்தான் போனாங்க. செபம் அப்பறம். பாடிய காட்டு, சொல்றேன்.”

அவன் அப்படியே குனிந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டான். பெயரை எடுத்துவிடச் சொல்லித் தாளை என்னிடம் நீட்டினாள். அவன் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு மனம் வரவில்லை. கடைசிப் பெயராக டைப் செய்துவிட்டேன். அந்தத் தப்பு என்னுடையது.

நவம்பர் இரண்டாம் தேதி தூறலில் கல்லறைத் தோட்டத்தில் நின்றோம். ஒவ்வொரு பெயரையும் வாசித்து அவள் செபத்தைத் தொடங்க, நாங்கள் முடித்தோம். கடைசிப் பெயரில் நின்றுவிட்டாள். தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“சொல்லு ஞானம்” என்று பின்வரிசையிலிருந்து அந்தோணிராஜ் கெஞ்சினான்.

அவள் மறுபடி தாளைப் பார்த்து, “ஜாக்சன்” என்றாள். “நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே.” மற்றவர்களுக்குச் சொன்ன அதே குரல்.

பழக்கதோஷத்தில் நாங்களும் ஆரம்பித்தோம். பாதியில் ஓர் அலறல் கேட்டது.

“வேணாம்! நிறுத்துங்க! யாரும் சொல்லாதீங்க!”

அந்தோணிராஜ்தான். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினான். அவள் மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த வரைக்கும் அவனுக்கும் பிள்ளை உயிரோடு இருந்திருக்கிறான். அது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஞானகுமாரி அவன் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

“சொல்ட்டேனேய்யா” என்றாள்.